அக்காவுக்கு முன்னே கிளம்பிய பை

1

மலேசியாவுக்கு வந்து இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால், நான் கேட்காமலே ஊரார் எனக்கு ஒரு பதவி கொடுத்துவிட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கம் யார் முதன்முதலாக விமானம் ஏறினாலும் அவர்களிடம் என் எண் போய்ச் சேர்ந்துவிடும். "அண்ணே, மொத தடவை வெளிநாடு போறேன். என்னென்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?" என்று கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். சொல்லிச் சொல்லியே பதினான்கு குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் கேட்டவுடன் அதை வாட்ஸாப்பில் தட்டிவிடுகிறேன்.

பட்டியல் ஒன்றும் மோசமில்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்து வையுங்கள், கைப்பேசி சமயம் பார்த்து உயிரை விடும். தங்கப்போகும் வீட்டு முகவரியைக் கையால் எழுதி வையுங்கள். இந்த ஊர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப மறக்காதீர்கள். மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் "எங்க மச்சினனுக்கு" என்று ஒட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். உள்ளே ஏதாவது இருந்தால் மாட்டிக்கொள்ளப் போவது அவரல்ல.

இத்தனையும் தெரிந்த எனக்கு, சொந்த அக்காவை ஒழுங்காக விமானம் ஏற்றத் தெரியவில்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். போன வாரம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அடுத்து யாராவது கேட்டால் பட்டியலோடு இதையும் சேர்த்து அனுப்பலாம் என்று எண்ணம்.

2

அக்காவின் பெயர் வசந்தா. அறுபத்தொரு வயது. புதுக்கோட்டையை விட்டு அவள் போன மிகத் தொலைவான இடம் திருப்பதி. அத்தான் பக்கவாதத்தில் பதினொரு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். "ஒரு தடவை இங்கே வந்துட்டுப் போக்கா" என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "இவரை யாருப்பா திருப்பிப் படுக்க வைக்கிறது?" என்பாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

சென்ற ஆண்டு அத்தான் போய்விட்டார். நான் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். கிள்ளானில் நான் வேலை பார்க்கும் பூஜைப் பொருள் மொத்தக் கடைக்காக வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. பாஸ்போர்ட் கையில் இல்லை. எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால் சாவு என்று ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டிருந்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்திருப்பார்கள். கடையில் கூட இருந்தவர்கள் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அதற்கு முன்பே ஆறு ஆண்டுகளாக ஊருக்குப் போகாதவன், அழுகிற வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று பயந்துவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இந்த நிலையில் என் மகள் தர்ஷினிக்கு ஸ்காட்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய். ஊரை ஏழெட்டு வாரம்தான் மொத்தமாகப் பார்த்திருக்கிறாள். செய்தி கேட்டதும் அக்கா தொலைபேசியில், "அது அவ்வளவு தூரம் போறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும் தம்பி. நான் வர்றேன்" என்றாள். மறுவாரமே தானாகப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தர்ஷினி கிளம்புவது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அக்காவுக்குத் திருச்சியிலிருந்து அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலைப் பத்து மணி விமானம். அத்தைக்கும் மருமகளுக்கும் முழுசாக மூன்று நாள். நான் பட்டியலை அனுப்பினேன். அக்கா அதை ஒரு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதி, வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி என்னிடம் ஒப்பித்தும் காட்டினாள்.

3

காலை எட்டு மணிக்கு நான் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமூட்டர் ரயிலில் ஏறுவேன். இருபத்துநான்கு ஆண்டுகளில் வேலை மாறவில்லை, ரயிலும் மாறவில்லை, உட்காரும் பெட்டிகூட ஏறக்குறைய அதேதான். அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஏறி உட்கார்ந்தேன். ஊரில் அப்போது ஐந்தரை. அக்கா காரில் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது.

"தம்பி, மேரி டீச்சர் வீடு பூட்டியிருக்குப்பா."

"அதுக்கு நீ ஏங்க்கா அங்க நிக்கிறே? டிரைவர் வரலையா?"

"டிரைவரெல்லாம் வந்தாச்சு. பை உள்ள இருக்கு."

"எந்தப் பை?"

"பாஸ்போர்ட் இருக்கிற பை."

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். எங்கள் ஊருக்குத் திருச்சி நேர் வடக்கு. சூலத்துக்கு எதிரே முதல் பயணம் போகக் கூடாது. ஆனால் விமானம் சூலம் பார்த்துப் பறப்பதில்லை. இப்படிப்பட்ட சிக்கலுக்கு நம் ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்னதாக ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், கூடக் கொண்டுபோகிற பொருள் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பரஸ்தானம் வைப்பது என்று பெயர். பொருள் கிளம்பிவிட்டால் ஆளும் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் போனாலும் தோஷமில்லை. ஒரே நிபந்தனை, வெளியே போன பொருள் பயணம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது.

அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தன் கைப்பையை வடக்கே இரண்டு வீடு தள்ளியிருக்கும் மேரி டீச்சர் வீட்டில் வைத்துவிட்டாள். டீச்சர் வேறு மதம் என்றாலும் முப்பது ஆண்டுகளாகத் தெருவின் பரஸ்தானப் பைகளுக்கு அவர் வீட்டு அலமாரிதான் இடம். திங்கட்கிழமை மாலை, தஞ்சாவூரில் இருக்கும் டீச்சர் மகளுக்கு வலி கண்டுவிட்டது. டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு கிடைத்த பேருந்தில் ஏறிவிட்டார். மருத்துவமனையில் அவருடைய கைப்பேசி அணைந்துகிடந்தது.

நான் கத்தினேன். ரயிலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. "எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க. உன்னால ஒரு பையைப் பத்திரமா வச்சுக்க முடியலையா? பாஸ்போர்ட்டைப் போய் எவளாவது அடுத்த வீட்டுல வைப்பாளா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உன் பட்டியல்ல ஏழாவது நீ என்ன எழுதியிருக்கேன்னு பாரு தம்பி. பாஸ்போர்ட்டைப் பயணப் பையில போட்ட பிறகு வெளியில எடுக்கவே எடுக்காதேன்னு இருக்கு. நான் எடுக்கலை."

பதில் வராதவன் இன்னும் உரக்கத்தான் கத்துவான். "பூட்டை உடைக்கச் சொல்லு டிரைவரை" என்றேன்.

"கேக்காம அவங்க பூட்டை உடைச்சுட்டு நாளைக்கு அந்தப் படியை நான் எப்படி ஏறுவேன்?"

எதிரில் உட்கார்ந்திருந்த தமிழர் ஒருவர், வேலைச் சீருடையில் இருந்தார், "பாஸ், கொஞ்சம் மெதுவா லா. பிள்ளைங்க தூங்குது" என்றார். பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண்ணின் மடியில் குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் கிள்ளான் வருவதற்குள் இறங்கி, ஏதோ ஒரு நிலையத்துப் பலகையில் உட்கார்ந்தேன்.

ஊர் நேரம் எட்டேகாலுக்கு டீச்சரே அக்காவை அழைத்திருக்கிறார். பேத்தி பிறந்த செய்தி சொல்ல. பை சமாசாரம் கேட்டதும், "ஐயோ அக்கா, மாத்துச் சாவி பின்னாடி செம்பருத்தித் தொட்டிக்குக் கீழேதானே இருக்கு!" என்றாராம். மூன்று மணி நேரமாக அக்கா நின்ற இடத்திலிருந்து பத்தடி. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் தேடுவது தப்பு என்று அவள் போகவில்லை. திருச்சி விமான நிலையத்தை அடைந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள்.

அக்கா என்னை மறுபடி அழைத்து முதலில் சொன்னது இது: "தம்பி, டீச்சருக்குப் பேத்தி. மூணே கால் கிலோவாம்."

அடுத்த இருக்கை வியாழக்கிழமைதான் கிடைத்தது. மூன்று நாள் ஒரே ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. அன்று மாலை தர்ஷினியிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி, "அத்தையை நீங்க ஸ்கோல்ட் பண்ணீங்களா?" என்பது. என் மனைவி செல்வி இங்கேயே சாலாக் செலாத்தானில் பிறந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "வாழ்நாள்ல மொத தடவை வராங்க. அவங்ககிட்டப் போய் ரயில்ல உக்காந்துக்கிட்டு கத்திருக்கீங்க. வெட்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது.

4

வியாழக்கிழமை தெற்கே சூலம். வடக்கே தடையில்லை. வானிலை உட்பட எல்லாம் அக்காவுக்குச் சாதகமாக இருந்தது. பை மட்டும் அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் வராமல் டீச்சர் வீட்டிலேயே இருந்ததாம். விதி விதிதானே.

விமானம் இறங்கி ஒன்றேகால் மணி நேரமாகியும் அக்கா வெளியே வரவில்லை. வருவோர் வாசலில் நானும் தர்ஷினியும் நின்றோம். உள்ளே என்ன நடந்தது என்று பிறகு அக்கா சொன்னாள். குடிநுழைவு அதிகாரி, முக்காடு போட்ட இளம்பெண், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். புரியாத அக்கா, எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று நம்பி, என் பட்டியல் எழுதிய நோட்டைத் திறந்து நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாராம்.

"ஒன்பது. அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்க வேண்டாம். ஆன்டி, இதை யாரு எழுதிக் குடுத்தா?"

"என் தம்பி. நல்லவன். கொஞ்சம் கோவக்காரன்."

"சரி ஆன்டி, போயிட்டு வாங்க. நாங்களும் சிரிப்போம்னு தம்பிகிட்ட சொல்லுங்க."

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாளாம். இத்தனை ஆண்டுகளாக நான் எல்லோருக்கும் அனுப்பிவந்த ஒன்பதாவது குறிப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். வரிசையில் நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற என்னை வைத்து எழுதியது அது. இந்த நாட்டில் எனக்கு வழி காட்டியவர்கள், இடம் கொடுத்தவர்கள், தெரியாத மொழியில் நான் தடுமாறியபோது பொறுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி ஒரு குறிப்பும் அந்தப் பட்டியலில் இல்லை.

அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். வெறும் நெற்றியோடு அவளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னிக்குக் கத்திட்டேங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

"நீ யார் மேல இருந்த கோவத்துல கத்துனேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தர்ஷினியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

5

வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடிக்கவில்லை, அக்கா பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்துவிட்டாள். ஊரிலிருந்து இரண்டு வாரத்துக்கான தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பிள்ளை போற ஊர் எந்தப் பக்கம்?"

"மேற்குதான்" என்றேன், தப்பிக்க வழியில்லாமல்.

"அப்ப இன்னிக்கே பையை வெளியில வச்சுரணும்."

எனக்கு மறுபடி சுருக்கென்று வந்தது. இதே சூலத்தால்தானே இரண்டு நாள் போயிற்று! வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி முந்திக்கொண்டாள். "அத்தை, பாஸ்போர்ட்டும் வைக்கணுமா?"

"பாஸ்போர்ட் வேணாம்டா. அது உன் கையிலேயே இருக்கட்டும். ஒரு துணி போதும். நான்தான் முட்டாத்தனம் பண்ணிட்டேன்."

"ஓகே லா, அப்ப ஈஸி" என்று சொல்லிவிட்டு அவள் தன் தோள்பையில் ஒரு ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். யார் வீட்டில் வைப்பது? எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் காக் ரோஸ்னா இருக்கிறார். காக் என்றால் மலாயில் அக்கா. தையல் வேலை செய்கிறார். தர்ஷினிக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர். இதையெல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தர்ஷினிக்கு ஒரு கூச்சமும் இல்லை. கதவைத் தட்டி மலாயில் இரண்டு நிமிடம் பேசினாள். காக் ரோஸ்னா முழுவதும் கேட்டார். பையை வாங்கித் தையல் இயந்திரத்துக்கு மேலே இருந்த அலமாரியில், தன்னுடைய நல்ல துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் தர்ஷினி கேட்டாள். "அப்பா மொத தடவை வந்தப்ப வச்சீங்களா அத்தை?"

"வைக்காமயா? சொன்னா உங்கப்பன் குதிப்பான்னு சொல்லலை. அவனோட நீலச் சட்டையை எடுத்துட்டுப் போயி டீச்சர் வீட்டுல வச்சேன்."

எனக்கு அந்தச் சட்டை நினைவிருக்கிறது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு காணாமல் போயிற்று. வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடினேன். "ஒரு சட்டையைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்று அப்போதும் அக்காவைத்தான் திட்டினேன். புறப்படுகிற அன்று விமான நிலைய வாசலில் அவள் அதை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னாள். இஸ்திரிக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவும் இல்லை.

அந்தச் சட்டையோடுதான் இங்கே இறங்கினேன். அழைத்துப்போக வர வேண்டியவர் நாளை மாற்றி நினைத்துக்கொண்டதால் யாரும் வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த காஜாங் ஊர்த் தமிழ் அம்மா ஒருவர், "நீலச் சட்டைத் தம்பி, ரெண்டு மணி நேரமா நிக்கிறியே, யாரைத் தேடறே?" என்று கேட்டுத் தன் கைப்பேசியைக் கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே அழுதிருப்பேன். சட்டையால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்காக ஒருத்தி நான்கு நாள் திட்டு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அது எனக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கிறது. அந்த வியாழக்கிழமை மாலை மகளுக்கும் மனைவிக்கும் எதிரிலேயே அழுதுவிட்டேன். தர்ஷினி எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

6

வெள்ளிக்கிழமை தர்ஷினி காக் ரோஸ்னா வீட்டிலிருந்து நேராகக் கீழே வந்து காரில் ஏறினாள். பையை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. நான் முன்னமே அனுப்பியிருந்த பதினான்கு குறிப்புகளை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அத்தை சொன்னதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்தாள். உள்ளே போகும்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து தோள்பையைத் தட்டிக் காட்டினாள். அக்கா கையசைத்தாள். ஒரே ஒரு நாள்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு நாளை இருவரும் நன்றாகவே செலவழித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு அக்காவை அழைத்துப்போகலாம் என்று என் வெள்ளைச் சட்டையைத் தேடினேன். இல்லை. செல்வியைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அக்கா நாட்காட்டித் தாளை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறி தட்டியது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

காக் ரோஸ்னா கதவைப் பாதி திறந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு மஞ்சள் பை. ஊரிலிருந்து அக்கா கொண்டுவந்த ஜவுளிக்கடைப் பை. மேலே என் சட்டையின் காலர் தெரிந்தது. கை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"டிக்கெட் தாக் அடா, பாஜு தாக் அடா."

டிக்கெட் இல்லையென்றால் சட்டையும் இல்லை. தர்ஷினி வெள்ளிக்கிழமை தன் பையை எடுக்கும்போது இதை வைத்துவிட்டு, இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அவள் இறங்கியதும் அனுப்பிய குரல் செய்தி இருந்தது.

"அப்பா, நான் ரீச் ஆயிட்டேன். இங்க ரொம்ப குளிரு. உங்க ஷர்ட் வெளிய போயிருச்சு, இனி வீட்டுக்குள்ள வரக் கூடாதாம், அத்தை ரூல். அத்தை ரிட்டர்ன் போறப்ப நீங்களும் கூடப் போங்க. மாமாவுக்குச் சாமி கும்பிட்டுட்டு வாங்க. பயப்படாதீங்க லா."

திரும்பினேன். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, அப்பவே என்னை வான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ காரணம் சொல்லுவே. நான் அதை நம்பணும். எதுக்குப்பா அதெல்லாம்?"

அன்றைக்கே கடையில் விடுப்புச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் கிடைத்தது. போன வருடமும் கிடைத்திருக்கும். அக்காவின் விமானத்திலேயே எனக்கும் ஒரு இருக்கை போட்டாயிற்று. பாஸ்போர்ட் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அலமாரியில் இல்லை. நாளை விடிந்ததும் புறப்பாடு. என்ன கிழமை, சூலம் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. என் சட்டையோடு நானும் போன வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன். நாளை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி என் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.